லம்பா லைனிலிருந்து ஒரு லண்டன் வேலை

அறுபதுகளின் நடுவில் யாராவது என்னிடம் என்ன வேலை என்று கேட்டால், லண்டனில் வேலை பார்க்கிறேன் என்றுதான் சொல்வேன். போர்ட் பிளேயர் லம்பா லைனில், தகரக் கூரை போட்ட சர்க்கார் குவார்ட்டர்ஸ் வாசலில், மீன் நாற்றம் அடிக்கும் வாளியோடு நிற்கிறவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். என் முதலாளி லண்டனில் இருந்தார். பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டும் பெரிய படங்களை அச்சடிக்கும் சின்ன கம்பெனி அவருடையது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. டிராயிங் டீச்சர் பயிற்சி முடித்த கையோடு கல்யாணமாகி, மீன்வளத் துறையில் வேலை பார்த்த கணவரோடு கப்பல் ஏறினேன். இங்கே பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சருக்கு இடமில்லை என்றார்கள். ஒருமுறை ஆராய்ச்சிக் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர், மீன் செத்த கொஞ்ச நேரத்தில் அதன் நிறம் மங்கிவிடுகிறதே என்று கணவரின் ஆபீசில் குறைப்பட்டிருக்கிறார். கணவர் என்னைக் கூட்டிப் போனார். படகுத்துறையிலேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, மீனின் ஈரம் காயும் முன் வரைந்து வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். அந்தத் தாள்கள் அவரோடு லண்டன் போய், அவருடைய சிநேகிதரான என் முதலாளியின் மேசையைச் சேர்ந்தன. அப்படித்தான் வேலை கிடைத்தது.

சங்கு, சோழி, பவளம், மீன் என்று கேட்டதை எல்லாம் வரைந்தேன். சங்குக்குள் இருக்கும் சதை அழுகி வெளியே வரும்வரை அதைக் கொல்லையில் மண்ணில் புதைத்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே என்னோடு பேசுவார். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. தாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் எங்கள் பீரோவுக்குள் எப்போதும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் துணிகள் வெளியே கொடியில் கிடக்க, லண்டன் கம்பெனியின் தாள்கள் உள்ளே கதகதப்பாக இருக்கும்.

முதலாளியின் கடிதம் ஒவ்வொன்றும் 'உடனே பதில் அனுப்பவும்' என்று முடியும். இங்கே கப்பல் வந்தால்தான் தபால். கடல் கொந்தளித்தால் கப்பலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை, லண்டனும் இல்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவர் எழுதுவார். வங்காள விரிகுடாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு தடவை பதில் எழுதினேன். வேலை நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. அதோடு பழைய புத்தகம் எதிலிருந்தோ கத்தரித்த ஒரு போட்டோவும் இருந்தது. அந்தமான் தீவுவாசிகள் என்று ஒரு சுவர்ப்படம் போடப் போகிறார்களாம். காட்டுக்கு நடுவே நெருப்பு, அதைச் சுற்றி உடையில்லாத ஆண்களும் பெண்களும், பார்க்கிறவனை நோக்கி அம்பைக் குறிவைக்கும் ஒருவன். கண்களில் வெறி தெரிய வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்குமாம்.

அதைப் படித்ததும் எனக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வந்தது. என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஓங்கே பழங்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். லிட்டில் அந்தமானிலிருந்து காய்ச்சலோடு கொண்டுவந்திருந்தார்கள். அவள் வந்த செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கூட்டம். ஆபீஸ் போகிறவர்கள், மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், கைப்பிள்ளையைத் தூக்கி உயர்த்தி 'தேக்கோ, தேக்கோ' என்று காட்டுகிறவர்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருவன் கம்பி வழியே கைவிட்டு வாழைப்பழத்தை ஆட்டினான். நான் எழுந்தேன். எழக்கூடாத உடம்பு. பையிலிருந்த மாற்றுப் புடவையை எடுத்து ஜன்னல் கம்பிகளில் இழுத்துக் கட்டினேன். நர்ஸ் வந்து, காற்று வராதே, அவிழ்த்துவிடு என்றார்.

"ஹவா நை மாங்தா. இஜ்ஜத் மாங்தா" என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். காற்று வேண்டாம், மரியாதை வேண்டும் என்று.

நர்ஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய்ப் புடவையின் இன்னொரு முனையை இறுக்கிக் கட்டினார். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி சொல்வதுபோல் சிரிக்கவும் இல்லை. எதற்குச் சிரிக்க வேண்டும்? ஆனால் வெகு நேரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

கடிதத்தைக் கணவரிடம் காட்டி, இதை வரையப் போவதில்லை என்றேன். அவர் நல்ல மனுஷர். ஆனால் வம்பு பிடிக்காது.

"வரஞ்சி குடுத்துட்டுப் போயேன். காயிதந்தானே, யாருக்கு என்ன வலிக்கப் போவுது?" என்றார்.

"அவ செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தத நான் கண்ணால பாத்தவ. இப்போ ஊர் உலகத்துப் பள்ளிக்கூடச் செவுத்துலெல்லாம் அவள மாட்டி வைக்கச் சொல்லுதியளா?"

அவர் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாட்டேன் என்று எழுதினேன். நான் பார்க்காததை நான் வரைவதில்லை. பார்த்த ஒருத்தியும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று திரும்பிக்கொண்டாள் என்று எழுதினேன். தீவுவாசிகள்தான் வேண்டுமென்றால் இதோ என்று, எங்கள் ஊர் அபர்தீன் பஜாரில் ரேஷன் கடை வரிசையை வரைந்து கூடவே அனுப்பினேன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த விவசாயி, ராஞ்சிக் கூலிக்காரர், தெலுங்கு மீனவப் பெண், மாப்பிளா வியாபாரி, அந்தக் காலத்தில் கைதியாக இங்கே வந்தவரின் பேரன், கடைசியில் பையோடு நான்.

பதில் வர இரண்டு கப்பல் ஆயிற்று. இப்படி ஒரு கூட்டத்தை இந்தியாவில் எந்த ஊரிலும் பார்க்கலாம், இதை எந்தப் பள்ளிக்கூடமும் வாங்காது என்று எழுதியிருந்தார். கேட்ட படத்தை வரையாவிட்டால் வேறு வேலையும் கிடையாது என்றும். வரையவில்லை. வேலை போயிற்று. பீரோவில் பல்பு எரிந்தபடிதான் இருந்தது. இப்போது உள்ளே எங்கள் துணிகள்.

"லண்டன் வேலை போயிடுச்சாமே" என்று தெருவில் கேட்டார்கள். போகவில்லை, நான் விட்டேன் என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மட்டும் சிரிக்காமல், எதற்காக விட்டாய் என்று கேட்டார். சொன்னேன். தாங்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து சியால்தா ரயில் ஸ்டேஷனில் கிடந்தபோது கேமராவோடு வந்தவர்களைப் பற்றி அவர் அன்று சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு பார்சல் வந்தது. அச்சாகிவிட்ட சுவர்ப்படம். யாரோ லண்டனிலேயே உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். நெருப்பு, அம்பு, வெறி எல்லாம் கேட்டபடியே இருந்தன. அடியில் சிறிய எழுத்தில், போர்ட் பிளேயரில் உள்ள எங்கள் ஓவியரின் உதவியோடு என்று போட்டு என் பெயர்.

பெயரை எடுக்க வேண்டும் என்று எழுதினேன். பதில் இல்லை. அடுத்த கப்பலிலும் எழுதினேன். அதற்கடுத்த கப்பலிலும். தபாலாபீஸ் கிளார்க் என்னைப் பார்த்ததும் வெளிநாட்டு ஸ்டாம்ப்பைக் கிழிக்க ஆரம்பித்துவிடுவார். யாருக்கு அங்கே உன் பெயர் தெரியப்போகிறது என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு கடிதங்களை அவரே தபாலாபீசுக்குக் கொண்டுபோனார்.

கடைசியில் அதே படத்தின் இன்னொரு பிரதி வந்தது. என் பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. மீதமிருக்கும் எல்லாப் பிரதிகளிலும் அப்படி ஒட்டியாயிற்று என்று ஒரே ஒரு வரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பெயர் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகிவிட்டிருந்த காலத்தில், அந்தக் கம்பெனியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. கையெழுத்து வேறு ஒருவருடையது. இந்துமாக்கடல் சங்குகள் பற்றிப் படம் போடுகிறோம், வரைந்து தருவீர்களா என்று கேட்டிருந்தார். அந்தத் தீவுவாசிகள் படத்தை இன்னும் விற்கிறீர்களா என்று கேட்டு எழுதினேன். விற்றால் வரைய மாட்டேன் என்றும். அதை நிறுத்தியாயிற்று என்று பதில் வந்தது. என் கடிதங்களுக்காக நிறுத்தினார்களா, இல்லை விற்காததால் நிறுத்தினார்களா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணக்கில் அது என் கடிதங்களால்தான் நின்றது.

சம்மதம் என்று எழுதிப் போட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஐவிரல் சங்கு ஒன்று உயிரோடு கிடைத்தது.