இரண்டு பக்க சுவிட்ச்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து, ‘டும் டும்’ என்று கனத்த சத்தம் தருகிற பேஸ் கிட்டார் வாசிப்பார். அதனால் அவருக்கு ‘டும்மு’ என்று பட்டப்பெயர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத்தான் தாவு தீர்ந்துவிடும்.

போன வருஷம் காதில் கோளாறு. குருவிச் சத்தம் கேட்கும், நான் திட்டுவது நன்றாகவே கேட்கும். தாழ்ந்த, கனத்த சத்தம் மட்டும் கேட்காது. தன் கிட்டாரே தனக்குக் கேட்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதர் பாதி ஆளாகிப் போனார்.

ஒரு மத்தியானம் சமையலறை மேஜையில் கிட்டாரைப் பிரித்துப் போட்டார். கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப் அதில் இரண்டு. புது சுவிட்ச் வைத்துச் சத்தத்தைக் கூர்மையாக்கப் போகிறாராம். ஒயரில் ஈயம் பற்றவைக்கிற புகை ஜன்னல் வெயிலில் மெல்லச் சுருண்டது. தையலை நிறுத்திவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடே எங்கோ மிதப்பது போலிருந்தது. அவரும் அந்த மயக்கத்தில்தான் இருந்திருக்கிறார். ஒரு பிக்கப்பின் ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டார்.

வாசித்தார். இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று எதிர்த்துக் கனத்த சத்தம் காணாமல் போனது. மூக்கடைத்த கீச்சுக்குரல்தான் மிச்சம்.

“என்னங்க இது, கொசு பாடுது?”

அவர் அசையவில்லை. “எனக்குக் கேக்குதுடி,” என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அவரோடு டிரம்ஸ் வாசிக்கிற தம்பி வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். “அண்ணே, இதோட மேடை ஏறினா பாட்டு அந்தரத்துல நிக்கும்ணே.”

சரியென்று சுவிட்சை இரண்டு பக்கமும் வேலை செய்ய வைத்தார். ஒரு பக்கம் பழைய கனம், மறுபக்கம் அந்தத் தப்பு.

அடுத்த ஞாயிறு பகல் கச்சேரி. “எந்தப் பக்கம்ணே?” என்று தம்பி கேட்டான்.

“உங்க பக்கம்தான்.”

பத்துப் பாட்டும் விரலைப் பார்த்தபடியே வாசித்தார். ஒரு சுரம்கூடத் தன் காதில் விழாமல். அரங்கம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவிட்சை மறுபக்கம் தள்ளி, முதல் பாட்டிலிருந்து அதே வரிசையில் வாசிக்கத் தொடங்கினார். அறை மெல்ல இருண்டது. விளக்கைப் போட மனம் வரவில்லை. எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம்; ஆனாலும் பாட்டு வரிகளைக் கூடவே முணுமுணுத்தேன்.

பத்தாவது பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், இல்ல?”