மணற்குழியில் முளைத்த நாற்று

மிராசுதாரின் மாப்பிள்ளை முதல் குழிக்கு முளைக்குச்சி அடித்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, அப்பா வாய்வார்த்தைக் குத்தகையில் வருஷக்கணக்காக உழுத வயல் அது. நில உச்சவரம்பு பற்றி ஊரெல்லாம் பேச்சு அடிபட்ட கோடையில், மிராசுதார் அப்பாவைக் கூப்பிட்டு இந்தப் போகம் நடவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அவருடைய மாப்பிள்ளை ஊட்டியிலிருந்து வந்து இறங்கினார். வயல் கோல்ஃப் மைதானம் ஆகப்போகிறது என்றார்கள். விளையாட்டு மைதானத்தை உச்சவரம்புச் சட்டம் தொடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகியிருந்தது. மைதானத்து மணற்குழிகளுக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நான் ஏன்? அப்பாவின் வாயை அடைக்கத்தான் என்று நான் நினைத்தேன். நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று அப்பா நினைத்தார். ஒரே வீட்டில் சாப்பிட்டோம், வயலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

தவறி வரும் பந்தை மாட்டவைக்கும் அந்தக் குழியைப் பங்கர் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை இரண்டு நண்பர்களை அழைத்து வந்து பந்தடிக்க விட்டார். அவர்கள் அடித்துத் தவறிய பந்து எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம் குறித்துக்கொண்டார். கொடி நட்ட பக்கம் குழியின் சரிவு உயரமாக எழும்ப வேண்டும், எதிர்ப்பக்கம் தணிந்து இருக்க வேண்டும். அடியில் சல்லி போட்டு வடிகால் குழாய், அதன் மேல் நாலு விரற்கடை ஆற்று மணல். சரிவில் மணல் மெல்லிசாகப் போதும். ஆட்டம் முடிந்ததும் காலடித் தடம் தெரியாமல் மரவாரியால் இழுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனாலும், அடுத்தவன் எங்கே தவறுவான் என்று கணக்குப் போட்டுக் குழி வெட்டுகிற ஆளை எப்படி நம்புவது?

தப்பு என்னுடையது. மூன்றாவது குழியின் சரிவில் மணல் நிற்கவில்லை. கொட்டக் கொட்டச் சரிந்து கீழே வந்தது. வரப்பு சரிந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வைக்கோலைப் பரப்பி அமுக்கி, அதன் மேல் மணலைப் போட்டேன். குறுவை அறுத்த நேரம், பக்கத்துக் களத்தில் வைக்கோல் கிடந்தது. மழைக்குப் பயந்து மாடு விட்டு மிதிக்காமல் அள்ளிப் போட்ட வைக்கோல். நெல்லை அடித்த பிறகும் அதில் மணி நிறைய ஒட்டியிருக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். மைதானத்தில் நின்றபோது தோன்றவே இல்லை.

ஐப்பசி மழை ஒரு வாரம் பெய்தது. களிமண்ணில் வெட்டிய குழி, வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் கட்டி நின்றது. மழை விட்டுச் சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், மணல் கழுவிப்போன சரிவு முழுக்க நாற்று. நாற்றங்காலில் கூட அவ்வளவு நெருக்கமாக வராது.

மறுநாள் தாசில்தார் பார்வையிட வருவதாக இருந்தது. அப்பா மனு கொடுத்திருந்தார். அது விளைநிலம், தான்தான் உழுதவன் என்று. கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். குழியைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தச் சிரிப்பு என்னை வதைத்தது. பார்த்தும் பறிக்கச் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? அத்துமீறி நுழைந்து விதைத்துவிட்டார்கள் என்று எங்கள் மேல் கேஸ் போடத்தான். அந்த நாளில் அப்படிப்பட்ட கேஸில் எங்கள் தெருவில் இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் விவசாயிகள் சங்கத்து ஆட்களைக் கூட்டி வருவார் என்று பயந்தேன், சொல்லவில்லை.

விடிந்ததும் போய் ஒரு நாற்று விடாமல் பறித்தேன். தூக்கி எறியக் கை வரவில்லை. வேரை அலசி, மூன்று முடியாகக் கட்டி வாய்க்கால் ஓரம் வைத்தேன். மணலை அள்ளிச் சரிவில் போட்டு, வாரியால் கோடு விழ இழுத்துவிட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு தாசில்தார் வந்தார். மிராசுதாரும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அப்பா பின்னாலேயே நடந்தார். அவர் முகத்தில் என்றும் இல்லாத ஒரு தெம்பு இருந்ததை நான் கவனித்தேன், காரணம்தான் புரியவில்லை. மூன்றாவது குழி நெருங்கியதும் அவர் முன்னால் ஓடினார்.

"இங்க வந்து பாருங்கய்யா. நெல்லு மொளைச்சிருக்கு. இது வயலா மைதானமான்னு நீங்களே சொல்லுங்க."

அவரும் முந்தின நாளே பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் மிராசுதாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று வாயைத் திறக்கவில்லை.

தாசில்தார் எட்டிப் பார்த்தார். வாரி இழுத்த கோடுகள் மட்டும் இருந்தன. அப்பா குழிக்குள் இறங்கி, குனிந்து மணலைக் கையால் கிளறினார். அப்போதுதான் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நேத்து இங்க புல்லு பச்சைப்பசேல்னு அழகா இருந்துச்சே. அதை ஏன் எடுத்தே?"

மலையில் தேயிலை பார்த்து வளர்ந்தவர். நெல் நாற்று எது, புல் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அது நெல்தான் என்று தாசில்தாருக்குப் புரிந்திருக்கும், ஆனால் அவர் காட்டப்பட்டதைத்தான் எழுதிக்கொண்டார். மைதானம், மணற்குழி, பயிர் இல்லை.

அன்று அப்பா வீட்டுக்கு வந்தபோது கையில் மூன்று முடி நாற்று இருந்தது. முடி போட்டிருந்த விதத்தைப் பார்த்தாலே எந்தக் கை என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பறிக்கச் சொன்னது யாருடா?"

"யாரும் சொல்லலப்பா."

நான் அந்த மைதானத்தில் வேலை பார்த்த காலத்திலேயே சுத்தமான உண்மை அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஒரு நாளும் நம்பவில்லை.