கியர் பாக்ஸுக்கு ஆகாத ஊர்வலம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் கலியபெருமாளும் அவர் மனைவி செல்வியும் தாம்பாளத்தோடு நின்றார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. மகனுக்குக் கல்யாணம், பெண் வீடு சிதம்பரம்.

கலியபெருமாள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். என் ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுத்தவர். கட்டிக் கொடுத்த நாளிலிருந்து என்னைத் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி அதட்டிக்கொண்டிருப்பவர்.

காபி கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், மாப்ள அழைப்புக்கு உங்க வண்டி வேணும்."

எனக்குப் புரையேறிவிட்டது. வண்டி கேட்டதற்கா? இல்லை... கேட்டவர் கலியபெருமாள் என்பதற்கு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் இடது கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் போனபோது மழைத்தண்ணீர் மூடிய பள்ளம் — மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கிளட்ச் மிதிக்க முடியாது. வீடு கடலூரில், கல்லூரி வேலை சிதம்பரத்தில். பஸ்ஸில் நின்றபடி போய் வந்தால் ராத்திரி கால் பன்னு மாதிரி உப்பிவிடும். அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார். செகண்ட் ஹேண்ட், பழைய மாடல். அது ஓடினால் நான் வேலைக்குப் போவேன். அது படுத்தால் நானும் லீவு லெட்டர் எழுத வேண்டியதுதான்.

அந்த வண்டியைத்தான் ஒருமுறை குறிஞ்சிப்பாடியில் நாத்தனார் மகனின் மாப்பிள்ளை அழைப்புக்குக் கொடுத்தோம். சொந்தத்தில் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் பேண்டு செட். அதற்குப் பின்னால் ஆடும் நண்பர்கள். அதற்குப் பின்னால் கார் — ஏ.சி. ஓட, டிரைவ் கியரிலேயே, பிரேக்கை மிதித்து மிதித்து, அடி அடியாக. காற்று படாமல், வேகம் இல்லாமல், கியர் பாக்ஸுக்குள் ஆயில் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சில வாரம் கழித்து, புதுச்சத்திரம் தாண்டி வரும்போது எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டியது. வண்டி நகரவில்லை. அந்த வழியாக வந்த ஒரு டிராக்டர்காரர் இறங்கி, கயிறு கட்டி, கடலூர் வரைக்கும் இழுத்து வந்து விட்டார். தங்கமான மனிதர். டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

கலியபெருமாள் கயிற்றைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கெட்டது பாதி மேடம். நீங்க இழுத்தாந்தது மீதி."

எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது கியர் பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாதாம். சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் வறட்டு வறட்டென்று உரசித் தேய்ந்துவிடுமாம். கேரியர் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டுமாம். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொள்வதில் நமக்கு ஈடு இணை உண்டா?

கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். "மெட்ராசுக்குக் கொண்டு போங்க" என்றார்கள். "புதுசா மாத்திடுங்க" என்றார்கள். கலியபெருமாள் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதுவரை அவர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைத் திறந்ததே இல்லை. அதை மறைக்கவும் இல்லை. சென்னையில் இருக்கும் தன் கூட்டாளியை போனில் பிடித்துவைத்துக்கொண்டு, கழற்றியதை எல்லாம் வெள்ளை வேட்டியில் வரிசையாகப் பரப்பி, கருகிய பிளேட்டுகளை மாற்றி, கட்டிவிட்டார். பழைய இரும்புத் தூள், ஆயிலை ஆற்றும் கூலர் குழாயில் தங்கிவிட்டால் புதிதாகக் கட்டியதையும் தின்றுவிடும் என்று அதையும் அலசி அலசி விட்டார்.

சாவி கொடுக்கும்போது ஆரம்பித்தது உபதேசம். காலையில் கிளப்பியதும் பறக்காதே, எஞ்சின் நிதானத்துக்கு வரட்டும். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போகும்போது வண்டி முழுசாக நிற்கட்டும். உருண்டுகொண்டே மாற்றினால் உள்ளே அடி விழும். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் பார்க்கிங் கியர். ரயில்வே கேட்டில் டிரைவ் கியரில் காத்திருக்காதே, நியூட்ரலுக்குப் போ. கரும்பு டிராக்டர் முன்னால் போனால் பின்னாலேயே பொறுமையாகப் போ; ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தித் தாண்டப் பார்க்காதே. ஆயிலை அவர் சொன்ன கிலோமீட்டரில் மாற்று, அவர் சொன்ன ரகத்தையே ஊற்று. வாரம் ஒருமுறை ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்து பார் — சிவப்பாக இருந்தால் நல்லது, கருகல் வாடை வந்தால் வண்டியை எடுக்காமல் போன் பண்ணு.

கடைசியாக, விரலை ஆட்டிச் சொன்னார்: "கல்யாண ஊர்வலம்... அந்தப் பேச்சே கூடாது."

எனக்கு என் எலும்பு டாக்டர் ஞாபகம்தான் வந்தது. அவரும் இதையேதான் சொன்னார். ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருக்காதீர்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஓடாதீர்கள். கனம் தூக்காதீர்கள். வலி வந்தால் தாங்கிக்கொண்டு நடக்காதீர்கள். நல்ல கால் இருந்தபோது அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறை உடைத்துக் கட்டிய பிறகுதான் அதற்கு இத்தனை மரியாதை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புரை அடங்கியதும் கேட்டேன்.

"ஊர்வலம்கற பேச்சே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல."

"அப்புறம்? நல்லா பெரிய வண்டியா வாடகைக்கு எடுக்கலாமே?"

"பையனும் அதத்தான் சொல்றான்" என்றார் செல்வி. "இவுரு கேட்டாத்தானேக்கா."

கலியபெருமாள் தட்டிலிருந்த பத்திரிகையை நேராக்கி வைத்தார். பிறகு சொன்னார். "பொண்ணு வூட்டுல எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம் மேடம். நல்லவங்கதான். ஆனா மாப்ளையோட அப்பா என்னா பண்றாருன்னு யாராச்சும் கேட்டா, மெக்கானிக்குன்னு கொஞ்சம் மெதுவா சொல்றாங்க. நான் கட்டுன வண்டியில எம் புள்ள வந்து எறங்குனான்னு அவுங்க பாக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

எனக்குக் கோபமும் வந்தது, கொடுக்கவும் தோன்றியது. இதற்கு எப்படி முடியாது என்று சொல்வது? ஆனால் வண்டி போனால் போவது என் கால் அல்லவா?

"நானே ஓட்டுறேன்" என்றார். "நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க. பிளேட்டு சூடேறாம கொண்டு போய் வுடுறது எம் பொறுப்பு."

கொடுத்துவிட்டேன்.

சிதம்பரத்தில் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஒரே நேர்த் தெரு. சாயங்காலம் வண்டியைப் பூவால் மூடியிருந்தார்கள். முன் சீட்டில் கோட் சூட் மாலையோடு மாப்பிள்ளை மணிகண்டன். ஸ்டியரிங்கில் பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு அவன் அப்பா. பின் சீட்டில் செல்வியும், கியரையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நானும்.

பேண்டு செட்காரர்கள் வாத்தியத்தை எடுத்ததும் கலியபெருமாள் கண்ணாடியை இறக்கினார். "அதோ தெரியுது பாருங்க பழக்கடை, அது வரைக்கும் போய் நின்னு வாசிங்க. நான் ஒரே மூச்சுல வந்துடுறேன்."

அவர்கள் போனார்கள். ஆடுகிறவர்களும் போனார்கள். பட்டாசு கொளுத்துகிறவர்களும் போனார்கள். நாங்கள் மட்டும் கோவில் வாசலில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு நின்றோம்.

"அப்பா, மெதுவா உருட்டிக்கிட்டே போலாம்பா. எல்லாரும் அங்க ஆடுறாங்க, நாம இங்க நிக்கிறோம்."

"உருட்டுனா சூடேறும்டா. சும்மா இரு."

இடைவெளி போதும் என்று பட்டதும் ஒரே சீராக வண்டியைக் கொண்டுபோய் பழக்கடையில் நிறுத்தினார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். மறுபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக். மறுபடி பேண்டு செட்டை முன்னால் அனுப்பினார்.

"கல்யாணம் புள்ளைக்கா, இந்த கியர் பாக்ஸுக்கான்னு தெரியலக்கா" என்றார் செல்வி. மணிகண்டன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இப்படியே போனால் என்ன ஆகும்? கடைசியில் பேண்டு செட் மண்டபத்தை அடைந்துவிட்டது. மாப்பிள்ளை இல்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தெருவை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார்.

"என்னாங்க சம்மந்தி, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளணுமா? நம்ம பசங்கள வரச் சொல்லட்டா?"

கலியபெருமாள் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம்... எதைக் காட்டுவதற்காக வந்தாரோ அதற்கு நேர் எதிர். "ரிப்பேரெல்லாம் இல்லீங்க, நான் கட்டுன வண்டி இது" என்றார். பட்டாசுச் சத்தத்தில் அது தாய்மாமன் காதில் விழவே இல்லை. "வண்டி நின்னுபோச்சாம்" என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆரத்தி சுற்றத் தட்டைத் தூக்கினார்கள். "கொஞ்சம் இருங்கம்மா" என்று இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பானட்டைத் திறந்தார்.

"அப்பா!" என்றான் மணிகண்டன். அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை; பானட் மறைத்துக்கொண்டிருந்தது. போட்டோகிராபர் விடாமல் எடுத்துத் தள்ளினார்.

கலியபெருமாள் ஆயில் கம்பியை உருவினார். துடைக்கத் துணி தேடினார், கிடைக்கவில்லை. ஜரிகை அங்கவஸ்திரத்திலேயே துடைத்தார். மறுபடி விட்டு, எடுத்து, மோந்து பார்த்தார். மண்டபமே வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. கூட்டத்துக்கு மேல், இறங்கி நின்ற என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"கருகல் இல்ல மேடம். செவப்பாவே இருக்கு."

பானட்டை மூடினார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "ம்... மாப்ளைய எறக்குங்க" என்றார்.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை காலை பயந்துகொண்டேதான் டிரைவுக்கு மாற்றினேன். வண்டி வழக்கம்போல நகர்ந்தது. முதல் வகுப்புக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன்.

போன வாரம் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப் போனால், உள்ளே இன்னொரு ஆட்டோமேட்டிக் கார். யாருடையது? பெண்ணின் தாய்மாமனுடையது. "நின்னுபோன வண்டிய ஆரத்தி எடுக்குறதுக்குள்ள ஓட வெச்சீங்களே, என் வண்டியையும் நீங்கதான் பாக்கணும்" என்று சிதம்பரத்திலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து விட்டுப் போயிருக்கிறார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் 'சம்மந்தி மெக்கானிக்கு' என்று சத்தமாகவே சொல்கிறார்களாம்.

"வண்டி நிக்கவே இல்லன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னேன் மேடம், நம்ப மாட்டேங்குறாரு." கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நிக்காம பாத்துக்கிட்டவனுக்கு எங்க மேடம் பேரு? நின்னத ஓட வெச்சாத்தான் பேரு."

வாஸ்தவம்தான். இத்தனை வருடமாக இந்தக் கணுக்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடக்கிறேன்... இதுவரை ஒருவர் கை தட்டியதில்லை.