பார்க்காமல் போட்ட கையெழுத்து

எங்க வீட்டுக்காரருக்கு நாக்பூருக்கு மாத்தல் வந்தப்போ நாங்க திருவேற்காட்டுல வாடகைக்கு இருந்தோம். எண்பதுகளோட கடைசி. கல்யாணமாகி மூணு வருஷம். குழந்தை இல்ல, ஒரு நாய் இருந்துச்சு. செவலை நிறம், சுத்தமான தெரு நாய், பொட்டை. மாட்டு டாக்டர்கிட்ட ஆரோக்கியமா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கினாத்தான் ரயில்ல கடைசியில இருக்கிற கார்டு பெட்டிக் கூண்டுல ஏத்துவாங்களாம். இல்லேன்னா அவளை இங்கேயே விட்டுட்டுப் போகணும். அது மட்டும் நடக்காதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.

அவருக்கு ஷிப்டு. நான்தான் பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கண்டக்டர் பஸ்ஸுல ஏத்தல. ஆட்டோக்காரர், "சீட்டு நாறிப்பூடும்மா, வேற வண்டி பாரு"ன்னுட்டார். ரயில்ல போறதுக்குச் சர்டிபிகேட் வாங்கப் போற நாய்க்கு அஞ்சு கிலோமீட்டர் பஸ்ஸுல போக வழியில்ல. இதைக் கேட்க நாதியில்ல. மே மாச வெயில்ல, தார் ரோட்டு ஓரமா, பாதி தூரம் அவளைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.

அங்க மாடுங்களுக்கும் ஆடுங்களுக்கும் பின்னால ரெண்டு மணி நேரம் நின்னேன். எங்க முறை வந்தப்போ டாக்டர் தலையையே தூக்கல. எந்த ஊர், எத்தனை வயசுன்னு ரெண்டே கேள்வி. எழுதினார், முத்திரை குத்தினார், நீட்டினார்.

"சார், நாயைப் பாக்கலியா?"

பக்கத்துல நின்ன உதவியாளருக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு, இன்னும் இன்னாத்தம்மா பாக்கணும்? நவுரு, பின்னால மாடு நிக்குதுல்ல."

அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்ததுக்கு ஒரு பார்வை பார்த்தா குறைஞ்சா போயிடுவார்? அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் விளங்கல. வீட்டுக்காரரும் முத்திரை இருக்கான்னு மட்டும் பார்த்து மடிச்சு வெச்சுக்கிட்டார்.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, சென்ட்ரல்ல பார்சல் ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அதை முழுசா படிச்சார். எழுந்து வெளியே வந்து, குனிஞ்சு நாயைப் பார்த்தார். "ஆண் நாய்னு எழுதியிருக்கு. இது பொட்டையாச்சேம்மா. வேற நாயோட பேப்பரா?"

கெஞ்சினேன், சண்டை போட்டேன். டாக்டருக்குக் கண்ணு பொடனியில இருந்தா நான் என்ன செய்யறதுன்னு கேட்டேன். அவர் மசியல. சட்டப்படி அவர் சொன்னதுல தப்பும் இல்ல, அதுதான் இன்னும் எரிச்சல். ரயில் கிளம்ப இருபது நிமிஷம். சாமானெல்லாம் ஏத்தியாச்சு.

வீட்டுக்காரர் மணியைப் பார்த்தார். "தெரு நாய்தானே. இங்கேயே அவுத்து விட்டுட்டு வா. ஸ்டேஷன்ல எதையாவது பொறுக்கித் தின்னு பொழைச்சுக்கும்."

என் பெட்டியை மட்டும் இறக்கச் சொன்னேன். அவர் போனார். நானும் அவளும் ஒரு காலி லாரியில ஏறி அம்பத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போனோம். வீட்டைக் காலி பண்ணிட்டதால வேற போக்கிடம் இல்ல.

அடுத்த வாரம் அதே டாக்டர் மேஜை மேல, அவர் நோட்டுப் புத்தகத்து மேலயே, அவளைத் தூக்கி வெச்சேன். பார்த்து எழுதுங்கன்னேன். உதவியாளர் ஏதோ சொல்ல வந்தார், என் மூஞ்சியைப் பார்த்துட்டு அடங்கிட்டார். இந்தத் தடவை சரியா எழுதினாங்க.

நாக்பூர்ல வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கூண்டைத் திறந்ததும் அவ பாய்ஞ்சு போய் அவர் மேல ஏறி, மூஞ்சியெல்லாம் நக்கினா. அவரும் சிரிச்சுக்கிட்டே, அன்னிக்கு சென்ட்ரல்ல அவுத்து விடச் சொன்னதே தான் இல்லங்கிற மாதிரி, அவ தலையைத் தடவினார்.

"பாத்தியா, என்னை மறக்கவே இல்ல"ன்னார்.

நானும் மறக்கலன்னேன்.