விழுந்ததுதான் உனக்கு

எழுபதுகளின் நடுவில் கடல் கடந்து வந்த எங்கள் இருவருக்கும் லிட்கமில் அறை தந்த வீட்டுக்காரி, வேதப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆகவே வந்த அன்றே பாடம் தொடங்கிவிட்டது. பழைய இஸ்ரவேலர் சட்டப்படி அறுவடையில் சிந்தும் கதிரும் உதிரும் பழமும் ஏழைக்கும், அங்கே தங்கியிருக்கும் அந்நியனுக்கும் உரியவையாம்.

"அதனால் என் எலுமிச்சையில் தரையில் கிடப்பது உனக்கு. மரத்தில் இருப்பது எனக்கு."

ஓய்வுநாள் சட்டமும் அந்நியனுக்கு உண்டு என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைக்கக் கூடாது. அந்நியனையும் தன்னைப்போல நேசிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். பாவம், அவளுடைய புத்தகத்தில் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

என் தங்கும் அனுமதி முடிய இரண்டு கிழமை, பதினாலே நாள், இருந்தது. அதை நீட்டிக்க, நான் ஒழுங்கானவன் என்று அவள் ஒரு கடிதம் தர வேண்டும். தராவிட்டால் கொழும்புக்கு விமானம்தான். அந்த நாட்களில் அவள் தும்மினாலும் தண்ணீரோடு ஓடிப்போய் நிற்பேன்.

சனிக்கிழமை கொடியில் போடச் சட்டையை உதறினேன். முழங்கை எலுமிச்சைக் கிளையில் பட்டு இரண்டு காய்கள் விழுந்தன. இவை விழுந்தவையா, நான் விழுத்தியவையா? அந்தச் சட்டத்தைத் தந்த மோசே இதற்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நூல் எடுத்துவந்து இரண்டையும் கிளையிலேயே கட்டினேன்.

சமைத்துக்கொண்டிருந்த அறைத்தோழன் குசினி யன்னலால் பார்த்துவிட்டான்.

"என்னடாப்பா, தேசிக்காய்க்குத் தையல் போடுறியோ?"

"சத்தம் போடாதை. மனிசி கண்டா கடிதம் தராது."

"ஓமோம். காயைத் தூக்கில போட்டிருக்கிறதைக் கண்டா கட்டாயம் தரும்."

மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்தவள் மரத்தடியில் நின்றாள். ஓய்வுநாளில் எனக்குத்தான் வேலை தடை, காற்றுக்கில்லை. இரண்டு காய்களும் நூலில் ஆடிக்கொண்டிருந்தன. என்னைக் கூப்பிட்டாள். அரைகுறை ஆங்கிலத்தில், முழங்கையைத் தொட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நூலை அறுத்து, இரண்டையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சட்டம் தெளிவாகிவிட்டது. அன்றிரவே பெட்டியைக் கட்டிவைத்தேன்.

திங்கள் காலை கடிதம் கதவடியில் கிடந்தது. குடிவரவு அலுவலகத்து அதிகாரி அதை இரண்டு முறை வாசித்தார்.

"விழுந்த பழத்தைத் திருப்பி மரத்தில் கட்டுகிறவன் என்று எழுதியிருக்கிறார். உண்மையா?"

"யெஸ், சேர்."

"ஏன்?"

அதற்கு என் ஆங்கிலம் எட்டாமல் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் முழங்கையையும் என் முகத்தையும் பார்த்தார். இவனால் இந்த நாட்டுக்கு ஒரு ஆபத்தும் வராது என்று எண்ணியிருப்பார். முத்திரை குத்தினார்.

ஆறு மாத அனுமதி விழுந்தது. பொறுக்கிக்கொண்டேன்.