ஹைடல்பேர்க்கில் முடியாத ஆட்டம்

உதைபந்தாட்டத்துக்கு யாரும் காதுக்கு டேப் சுற்றுவதில்லை. பிசியோதெரபி வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

டோர்ட்மண்டில் எங்கள் சின்னக் கழகத்தின் கடைசி ஆட்டம். வென்றால் இருக்கிற பிரிவிலேயே நிற்போம், இல்லாவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள். இடைவேளைக்கு உள்ளே வந்த கோனர் மர வாங்கில் இருந்தபடி, றக்பிக்காரர் செய்வதுபோல இரண்டு காதையும் மூடித் தலையைச் சுற்றி டேப் சுற்றினார். பையிலிருந்து றக்பி விளையாடுகிறவர்கள் வைக்கிற பல் கவசத்தை எடுத்து வாய்க்குள் வைத்தார். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தவரின் கண் என்னில் நிற்கவில்லை, என்னைத் தாண்டி எங்கேயோ போனது. 

முதலில் ஆளைச் சொல்லவேண்டும். கோனர் அயர்லாந்துக்காரர், முப்பத்துநாலு வயது, கிழமை நாளில் லிஃப்ட் திருத்துகிற வேலை. சின்ன வயதிலேயே உதைபந்து, றக்பி இரண்டிலும் கெட்டிக்காரன். பதினாறு வயதில் ஒன்றை விடு என்று நெருக்கி, பந்து உதைக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கழகம் கைவிட்டது. ஊருக்குத் திரும்பி றக்பியில் மேலே வரும் நேரம் தோள் கழன்றது. கல்யாணம் கட்டி இங்கே வந்த பிறகுதான் சனிக்கிழமை றக்பி, ஞாயிற்றுக்கிழமை உதைபந்து என்று இரண்டையும் ஆட வழி கிடைத்தது. அவர் பேசுவது அயர்லாந்து வாடை வீசும் ஜெர்மன், நான் எங்கள் பேச்சில் தருகிறேன். “ரெண்டிலையும் ஒரே ஒரு சீசன் முழுசா ஆடி முடிச்சிட்டு விடுறன், நளா. ஒண்டே ஒண்டு.” இதைச் சொல்லாத கிழமை இல்லை. இரண்டு கழகத்துக்கும் நான்தான் பிசியோ. அவரை இரண்டு இடத்திலும் கண்டவள் நான் ஒருத்திதான்.

ஐந்து கேள்விகள்

அதற்கு எட்டு நாளுக்கு முன் ஹைடல்பேர்க்கில் றக்பி. இரண்டாம் பாதியில் ஒருவனின் முழங்கால் கோனரின் தலையில் இடித்தது. ஓடிப்போனேன். தலையில் அடிபட்டால் உடனே ஐந்து கேள்வி கேட்பது எங்கள் முறை. எந்த ஊர்? எந்தப் பாதி? புள்ளி எத்தனை? போன ஆட்டம் யாரோடு? அதில் வென்றோமா? ஒன்று பிழைத்தாலும் ஆளை வெளியே எடுப்போம், பிறகு மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, எந்த விளையாட்டும் இல்லை. கோனர் ஐந்தையும் சரியாகச் சொன்னார். கொஞ்சம் மெதுவாக, டேப் சுற்றிய மணிக்கட்டைப் பார்த்து, தடவித் தடவிச் சொன்னார். கையும் நோகிறதாக்கும் என்று நினைத்தேன். எழும்பி ஆடினார். இரண்டு புள்ளியால் தோற்றோம்.

அடுத்த நாள் எங்களுக்கு உதைபந்து இல்லை. அடுத்த சனிக்கிழமை றக்பியும் இல்லை. நல்ல ஓய்வு என்று சந்தோசப்பட்டேன், மடைச்சி.

டோர்ட்மண்டில் முதல் பாதி நன்றாகத்தான் ஓடினார். இரண்டு தரம் பந்தைத் தலையால் அடித்தார். இப்போது அறைக்குள் காதோடு அவர் வேலை முடியவில்லை. இடது மணிக்கட்டிலும் வெள்ளை டேப் சுற்றி, பேனையால் அதில் சின்னச் சின்ன எழுத்தாக எழுதினார். நான் முன்னால் குந்தினேன்.

“கோனர், எந்த ஊரிலை நிக்கிறம்?”

மணிக்கட்டைப் பார்த்தார். “ஹைடல்பேர்க்.”

போன ஆட்டம் யாரோடு என்றேன். மறுபடி மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். எட்டு நாளுக்கு முன் அது சரியான பதில். ஊர், போன எதிரணி, வெற்றி என்று எல்லாம் வரிசையாக டேப்பில் இருந்தன. பாதியும் புள்ளியும் மைதானப் பலகையிலேயே இருக்கும், எழுதத் தேவையில்லை. யார் விழுந்தாலும் நான் அதே ஐந்து கேள்வியை அதே வரிசையில் கேட்பது அவருக்குப் பாடம். விழுந்தால் உதவும் என்று ஹைடல்பேர்க்கில் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். இப்போது அதையே என் கண் முன்னால், எனக்கு ஒளிக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் எழுதுகிறார்.

“இன்னும் எத்தினை நிமிசம், நளா? ரெண்டு புள்ளிதானே பின்னாலை நிக்கிறம்.”

எங்கள் ஆட்டமோ ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் நின்றது.

எங்கள் அணி மனேஜர் தவம் அண்ணை பக்கத்தில் வந்தார். பெடியளின் உடுப்புத் தோய்ப்பதிலிருந்து பஸ் பிடிப்பது வரை பதினொரு வருடமாக அந்த அணியைச் சுமந்த மனிதர். அவன் பகிடிக்காரன், டேப்பை வெட்டிப்போட்டு அனுப்பு என்றார். ஏலாது என்றேன். இவன் இல்லாமல் வெல்லமாட்டோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாப்பத்தஞ்சு நிமிசம், பிள்ளை. பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கெண்டாலும் நானே கொண்டுபோறன்.”

“அண்ணை, போன கிழமை இவரை விளையாட விட்டது நான். இண்டைக்கும் விட்டனெண்டால் செத்துப்போவார். மைதானத்துக்குக் கொண்டுபோறதெண்டால் என்னைத் தள்ளிப்போட்டுக் கொண்டுபோங்கோ.”

தவம் அண்ணை திரும்பி கோனரைப் பார்த்தார். கோனர் விரலால் டேப்பைத் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். அறையில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தவம் அண்ணை ஃபோனை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம், கீழே இறங்கினோம்.

கத்ரின் கேட்டது

மண்டை ஓட்டுக்குள் மெல்ல மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. அன்றிரவே திறந்து எடுத்தார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரி நடைவழியில் அவர் மனைவி கத்ரின் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்த எட்டு நாளும் அவர் வேலைக்குப் போனாராம், லிஃப்ட் திருத்தினாராம், பிள்ளையைக் குளிக்கவார்த்தாராம். ஒன்றிலும் பிழை இல்லை. பின்னேரச் சாப்பாட்டு மேசையில் மட்டும் ஒவ்வொரு நாளும் இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்பாராம். ஏதோ விளையாட்டு என்று இவர்கள் நினைத்தார்கள். பத்து நிமிடம் அப்பா என்று மகள் சொல்வாளாம். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவாராம்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப அந்த எட்டு நாளும் எங்கடை வீட்டிலை இருந்தது ஆர்?”

  

கோனர் பிழைத்தார். இரண்டு விளையாட்டும் அத்தோடு சரி, அந்த ஒரு சீசனும் முடியவில்லை. அந்த எட்டு நாளில் ஒரு நிமிடம்கூட அவருக்கு நினைவில்லை. என்னில் கோபமில்லை என்கிறார். எனக்கு என்னில் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேள்விகளை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கையில் டேப் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுக் கேளுங்கள். இதெல்லாம் கண்கெட்ட பிறகு நான் செய்கிற சூரிய நமஸ்காரம். ஆனால் இதைவிடப் பெரிய பாடம் வேறு. அடிபட்டவரை மட்டும் கேட்டால் போதாது, வீட்டில் அவரோடு இருக்கிறவர்களைக் கேட்கவேண்டும். கத்ரினின் நம்பர் என் ஃபோனில் இருந்தது. எட்டு நாளில் ஒரு தரம் எடுத்து மனிசன் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தால், மேசையில் இருந்து நிமிடம் கேட்கிறார் என்று அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். நான் எடுக்கவில்லை.