பால்கட்டு என்று நினைத்தது

எண்பதுகளின் நடுவில், என் இளைய மகளுக்குப் பால் மறக்கடித்த சமயத்தில், இடது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். நானும் கட்டினேன். பால் வற்றியது, கட்டி வற்றவில்லை. வலிக்காத கட்டி தானாகக் கரையும் என்று மாமியார் சொன்னார், நானும் தலையாட்டினேன். எங்கள் தோட்டத்துப் பூவில் பாதி என் மாரோடு போனது. நாலு மாதம் அப்படியே ஓட்டியதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான். நோய் எனக்கு, விவரம் அவருக்கு. வெளியே வந்தவர், "ஒண்ணுமில்ல புள்ள, சின்னக் கட்டி. கீறி எடுத்துருவாங்களாம்" என்றார். பொய் சொல்லும்போது தோள் துண்டை உதறிப் போடுவது அவர் வழக்கம். அன்று மூன்று தடவை உதறினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை நர்ஸம்மா பிளேடோடு வந்து கையைத் தூக்கச் சொன்னார்.

"கட்டி மாருலதானுங்க இருக்குது, அக்குள எதுக்குங்க சிரைக்கறீங்க?"

அவர் கை நின்றது. "உங்களுக்கு ஒண்ணும் சொல்லலீங்களாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இது புற்று. மாரை முழுசாக எடுப்பார்கள். நோய் அக்குள் வழியாகப் பரவும் என்பதால் அங்கிருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். நீர் வடியக் குழாய் வைப்பார்கள். பிறகு கை இறுகிப்போகாமலிருக்க, சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றிப் பழக வேண்டும். அதைச் செய்தும் காட்டினார். நானும் எழுந்து சுவரில் விரல் வைத்தேன். அழுகை முட்டியது, ஆனாலும் ஒன்றும் தெரியாமல் கிடந்ததற்கு அது தேவலை.

வீட்டுக்காரர் காபியோடு வந்தார்.

"ஏங்க, எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் மூடி வெச்சீங்களா?"

காபியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். "சொன்னா ஆபரேசனே வேணாம்னு வூட்டுக்குக் கெளம்பிருவியோன்னு பயந்துட்டேன் புள்ள. பாப்பாவுக்கு நீ வேணுமில்ல?"

திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. நாலு மாதம் நான் பூ வைத்துக் கட்டியதும் ஆஸ்பத்திரிக்குப் பயந்துதான். பால்கட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய் அவர் பொய்யைவிடப் பெரியது.

ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை நர்ஸம்மாவிடம் கொண்டுவரச் சொன்னேன். அதில் அவர் கையெழுத்து முன்பே இருந்தது.

"வூட்டுக்காரரு போட்டதே போதும்மா" என்றார் நர்ஸம்மா.

"மாரு என்னுதுங்க" என்றேன்.

எட்டாவதோடு நின்ற என் எழுத்தில் முழுப் பேரையும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அந்தத் தாளை ஆடாமல் பிடித்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர்.